பீரோவுக்கு ஆசிட் போட்டுத் துரு எடுத்த பிறகும் மடிப்பு ஓரத்தில் பெயின்ட் கொப்பளிக்கிறது, ஆசிட் பலத்தைக் கூட்ட வேண்டுமா?

சூரமங்கலம் பட்டறை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சேலம் சூரமங்கலத்தில் பீரோ, கட்டில், ரேக் செய்யும் பட்டறை நடத்துகிறேன். பீரோ உடம்புக்கு 20, 22 கேஜ் சி.ஆர். (குளிரில் உருட்டிய) மெல்லிய ஷீட். கால், உள் பிரேம், கட்டில் பட்டி எல்லாம் 3 மி.மீ. எச்.ஆர். (சூட்டில் உருட்டிய தகடு). முன்பு பவுடர் கோட்டிங்குக்கு (பொடிப் பெயின்ட்டைத் தெளித்து அடுப்பில் உருக்குவது) வெளியில்தான் கொடுத்துக்கொண்டிருந்தோம். இப்போது சொந்தமாகவே ஏழு தொட்டி வைத்து அடுப்பும் போட்டுவிட்டோம். டீகிரீசிங் (எண்ணெய் எடுப்பது), தண்ணீர், ஆசிட், தண்ணீர், பாஸ்பேட் (பெயின்ட் பிடிக்க அடிப்படலம்), தண்ணீர், கடைசியில் பாசிவேஷன் (துரு தடுக்கும் கடைசிக் குளியல்).

சிக்கல் இதுதான். ஏற்காட்டில் ஒரு தங்கும் விடுதிக்குக் கொடுத்த பீரோக்களில் அடித்தட்டு மடிப்பை ஒட்டி வரிசையாகக் கொப்புளம் வந்திருக்கிறது. நகத்தால் கீறினால் பெயின்ட் தோலாக உரிகிறது, அடியில் ஈரமும் கருந்துருவும். அதே வாரத்தில் அதே பவுடரில் செய்து அஸ்தம்பட்டியில் ஒரு வீட்டுக்குக் கொடுத்த பீரோ இன்றும் புதிதாக இருக்கிறது.

ஆசிட் விற்பவர், துரு முழுசாகப் போகவில்லை, பலத்தைக் கூட்டுங்கள் என்கிறார். பவுடர் விற்பவர், அது ஏற்காட்டுப் பனி, எங்கள் பவுடர் சரிதான் என்கிறார். இப்போது ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டையும் தண்ணீரையும் சரிபாதி கலந்து, எல்லாத் தகட்டையும் ஒன்றாக 20 நிமிடம் முக்குகிறோம். எத்தனை சதவீதம், எவ்வளவு நேரம் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். இன்னொன்று, தொட்டி வைத்ததிலிருந்து பக்கத்தில் இருக்கும் பவர் பிரஸ், டிரில் மெஷின் எல்லாம் செம்மண் பூசியதுபோல் துருப்பிடிக்கின்றன.

---

ஐந்து ரோடு கோட்டிங் எழுதியது:

அண்ணா, 22 கேஜ் சி.ஆர். ஷீட்டை 20 நிமிடம் ஆசிட்டில் போடுகிறீர்களா? எடுத்த பிறகு விரலால் தேய்த்துப் பாருங்கள், கருப்புப் பொடி ஒட்டுகிறதா? ஆசிட் இரும்பைத் தின்னாமல் தடுக்கும் இன்ஹிபிட்டர் சேர்க்கிறீர்களா? ஆசிட்டுக்கு அடுத்த தண்ணீர்த் தொட்டியில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறதா, இல்லை நிரப்பி வைத்ததா? இந்த மூன்றுக்கும் பதில் சொன்னால் பாதிக் காரணம் தெரிந்துவிடும்.

---

சூரமங்கலம் பட்டறை எழுதியது:

கருப்புப் பொடி ஒட்டுகிறது, துணியால் துடைத்துவிட்டுத்தான் பாஸ்பேட்டுக்குப் போகிறோம். இன்ஹிபிட்டர் எதுவும் இல்லை. தண்ணீர் நிரப்பி வைத்ததுதான், போர் தண்ணீர். வாரத்துக்கு ஒருமுறை மாற்றுகிறோம்.

---

உருட்டாலை ஓய்வு எழுதியது:

தம்பி, பலத்தைக் கூட்ட வேண்டாம். உங்கள் வேலைக்கு இப்போதே தேவைக்கு மேல் இருக்கிறது. நான் உருட்டாலையில் பிக்ளிங் லைனில் (தகட்டை ஆசிட்டில் ஓட்டிச் சுத்தம் செய்யும் பிரிவு) வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எதற்காக ஆசிட் போடுகிறோம் என்பதிலிருந்து தொடங்கினால்தான் எவ்வளவு போடுவது என்பது விளங்கும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

எச்.ஆர். தகடு சிவக்கச் சூடாக இருக்கும்போது உருட்டப்படுகிறது. அந்தச் சூட்டில் காற்று பட்டு மேலே ஆக்சைடு படிகிறது. அதுதான் நீலங்கலந்த கருப்புச் செதில், மில் ஸ்கேல் என்போம். இரும்பை ஒட்டி வூஸ்டைட், நடுவில் மேக்னடைட், மேலே மெல்லியதாக ஹேமடைட் என்று மூன்று வகை இரும்பு ஆக்சைடு அடுக்கடுக்காக இருக்கும். வூஸ்டைட் 570 டிகிரிக்குக் கீழே நிலையாக நிற்காது. சுருளாகச் சுற்றி மெதுவாக ஆறும்போது அது உடைந்து மேக்னடைட்டும் நுண்ணிய இரும்புமாக மாறும். அதனால் நீங்கள் வாங்கும் எச்.ஆர். மேல் இருப்பது பெரும்பாலும் மேக்னடைட்தான், நம் கஞ்சமலைப் பாறையில் இருக்கும் அதே கனிமம். கனம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவில் இருக்கும், அவ்வளவுதான். ஆனால் அதன்மேல் பெயின்ட் அடித்தால், என்றைக்காவது செதில் பெயரும்போது பெயின்ட்டையும் சேர்த்துக் கொண்டுபோகும். அதனால் எச்.ஆருக்கு இதை எடுத்தே ஆக வேண்டும்.

சி.ஆர். கதை வேறு. ஆலையிலேயே எச்.ஆர். சுருளை ஆசிட்டில் ஓட்டிச் செதிலை முழுக்க எடுத்துவிட்டுத்தான் குளிர் உருட்டுக்கே அனுப்புவார்கள். செதிலோடு உருட்டினால் அது தகட்டுக்குள் அழுந்திவிடும், ரோலும் கெடும். உருட்டிய பிறகு, காற்றுப் படாத வாயுச் சூழலில் சூடேற்றி மென்மையாக்குவார்கள். ஆகவே உங்கள் கைக்கு வரும் சி.ஆர். ஷீட்டில் மில் ஸ்கேல் என்பதே கிடையாது. எண்ணெய் இருக்கும், குடோனில் நனைந்திருந்தால் மேலோட்டமாகக் கொஞ்சம் செந்துரு இருக்கும். அந்தச் செந்துரு போக நீர்த்த ஆசிட்டில் 2, 3 நிமிடம் போதும். மீதி 17 நிமிடமும் ஆசிட் இரும்பைத்தான் தின்கிறது. இரும்பு கரையும்போது, அதில் இருக்கும் கரி கரையாமல் மேலே தங்கும். நீங்கள் துணியால் துடைக்கும் கருப்புப் பொடி அதுதான். மேல்முகமும் சொரசொரவென்று குழி விழும். அந்தக் குழிகளில் ஆசிட் உப்பு தங்குவது எளிது, கழுவி எடுப்பது கடினம்.

சி.ஆரையும் எச்.ஆரையும் ஒரே கூடையில் போடாதீர்கள். எச்.ஆர். செதில் போகும்வரை காத்திருந்தால் அதற்குள் சி.ஆர். வெந்துவிடும்.

அளவு கேட்டீர்கள். கடையில் கிடைக்கும் ஹைட்ரோகுளோரிக் 30 முதல் 33 சதவீதம். சரிபாதி கலந்தால் சுமார் 17 சதவீதம் வரும், அது எச்.ஆருக்குச் சரி. சி.ஆருக்குத் தேவைப்பட்டால் 8, 10 சதவீதம் போதும். நேரத்தைக் கடிகாரத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சித்திரை வெயிலில் சட்டென்று முடியும் வேலை மார்கழிக் காலையில் இரண்டு மடங்கு நேரம் இழுக்கும். ஒரு துண்டைத் தூக்கிப் பாருங்கள். ஒரே சாம்பல் நிறமாக, கருப்புத் திட்டு இல்லாமல் இருந்தால் உடனே எடுங்கள்.

இன்ஹிபிட்டர் கட்டாயம் சேருங்கள். அது வெறும் இரும்பின்மேல் படலமாக ஒட்டிக்கொண்டு ஆசிட்டைத் தடுக்கும், ஆக்சைடு கரைவதைப் பெரிதாகத் தடுக்காது. இரும்பு மிச்சம், ஆசிட் மிச்சம். குமிழி குறைவதால் புகையும் குறையும்.

---

மெய்யனூர் வெல்டிங் எழுதியது:

ஐயா சொல்வது சரி. ஆனால் புகைதான் பிரச்சினை என்றால் சல்பூரிக் ஆசிட்டுக்கு மாறிவிடலாமே? அதில் புகையே வராது. விலையும் குறைவு.

---

உருட்டாலை ஓய்வு எழுதியது:

சாதாரணச் சூட்டில் சல்பூரிக் புகையாது என்பது உண்மை. ஆனால் அந்தச் சூட்டில் அது ஒழுங்காக வேலையும் செய்யாது. 60, 80 டிகிரிக்குச் சூடேற்ற வேண்டும். சூடேற்றினால் ஹைட்ரஜன் குமிழி வெடித்து ஆசிட் துளிகள் காற்றில் ஏறும், அதுவும் மூச்சுக்குக் கேடுதான்.

இரண்டும் வேலை செய்யும் விதமே வேறு. ஹைட்ரோகுளோரிக் செதிலை நேராகக் கரைக்கிறது. சல்பூரிக், செதிலில் உள்ள வெடிப்புகள் வழியாக அடியில் இறங்கி இரும்பைத் தின்று, அங்கே எழும் ஹைட்ரஜன் செதிலை நெம்பித் தள்ளுகிறது. அதனால் இரும்பு கூடுதலாகச் சேதமாகும், முகமும் கருத்துப் போகும், கழுவுவதும் சிரமம். 1960-களில் இருந்து உலகம் முழுக்கப் பெரிய ஆலைகள் சல்பூரிக்கை விட்டு ஹைட்ரோகுளோரிக்குக்கு மாறியதற்கு இதுவெல்லாம் காரணம்.

அப்புறம் சல்பூரிக்கைக் கலப்பதில் ஆபத்து அதிகம். எந்த ஆசிட் ஆனாலும் தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், மெதுவாக, கிளறிக்கொண்டே. ஆசிட்டில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். பட்டறையில் புதிதாகச் சேரும் பையனுக்கு முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுங்கள். கண்ணாடி, முழங்கை வரை ரப்பர் கையுறை, ஏப்ரன், பூட்ஸ் இல்லாமல் தொட்டிப் பக்கம் விடாதீர்கள். தொட்டிக்கு எட்டும் தூரத்தில் எப்போதும் தண்ணீர்க் குழாய் இருக்க வேண்டும். கண்ணில் பட்டால் 15 நிமிடமாவது ஓடும் தண்ணீரில் காட்டிவிட்டு, பிறகு ஆஸ்பத்திரிக்கு.

பவர் பிரஸ் துருப்பிடிப்பது ஹைட்ரோகுளோரிக் ஆவியால்தான். ஒரே கூரையின்கீழ் வைத்தால் எதையும் காப்பாற்ற முடியாது. தொட்டியைத் தனிக் கொட்டகைக்கு மாற்றுங்கள். மாற்றும்வரை வேலை இல்லாத நேரத்தில் மூடி போட்டு வையுங்கள், விளிம்பில் காற்றை உறிஞ்சும் டக்ட் வையுங்கள். தலைக்கு மேலே ஹூட் வைத்தால் ஆவி முதலில் வேலை செய்பவரின் மூக்கைத் தாண்டித்தான் மேலே போகும்.

---

கெமிஸ்ட்ரி டீச்சர் எழுதியது:

ஏற்காட்டில் கொப்புளம், சேலத்தில் இல்லை என்ற செய்திதான் இந்த இழையில் மிக முக்கியமானது என்று எனக்குப் படுகிறது. அதற்கு விளக்கம் இருக்கிறது.

ஹைட்ரோகுளோரிக் ஆசிட் இரும்பைக் கரைத்தால் ஃபெரஸ் குளோரைடு உண்டாகும். சரியாகக் கழுவாவிட்டால் அந்த உப்பு தகட்டின்மேல் காய்ந்துவிடும். அதன்மேல் பாஸ்பேட், பவுடர் எல்லாம் ஏறி, அடுப்பிலும் வெந்து, பார்வைக்கு அழகாகவே இருக்கும். ஆனால் பவுடர் படலம் தண்ணீர் ஆவியை முழுக்கத் தடுப்பதில்லை. வெளியே ஈரம் இருந்தால் மெல்ல மெல்ல உள்ளே போகும். அடியில் உப்பு இருந்தால் அது ஈரத்தை இழுத்து நீராக்கி வைத்துக்கொள்ளும், உள்ளே அழுத்தம் கூடி படலம் மேலே எழும்பும். அதுதான் கொப்புளம். குளோரைடு இருப்பதால் உள்ளே அரிப்பும் நிற்காது.

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மழைக்காலத்தில் வீட்டுக்குள்ளேயே பனிமூட்டம் வரும். சேலம் டவுனில் காற்று அவ்வளவு ஈரமாக இருப்பதில்லை. ஆகவே அஸ்தம்பட்டி பீரோவும் அதே உப்போடுதான் இருக்கக்கூடும், அங்கே ஈரம் கிடைக்காததால் வெளியே தெரியாமல் இருக்கிறது. ஏற்காட்டுப் பனிமேல் பழி போடுவது நியாயம் இல்லை. பீரோவில் ஏற்கெனவே இருந்ததை அது காட்டிக் கொடுத்திருக்கிறது.

இதை உங்கள் பட்டறையிலேயே சோதிக்கலாம். லேப் கெமிக்கல் கடையில் சில்வர் நைட்ரேட் கரைசல் கிடைக்கும். ஆசிட்டுக்குப் பிறகான தண்ணீர்த் தொட்டியிலிருந்து கொஞ்சம் கண்ணாடிக் குழாயில் எடுத்து, துளி நைட்ரிக் ஆசிட் விட்டு, சில்வர் நைட்ரேட் இரண்டு துளி விடுங்கள். குளோரைடு இருந்தால் வெள்ளையாகக் கலங்கும். நிறைய இருந்தால் தயிர்போல் திரியும். ஒன்று கவனியுங்கள், நம் ஊர்ப் போர் தண்ணீரிலேயே குளோரைடு இருக்கும். அதனால் தொட்டிக்குப் போகாத புதுப் போர் தண்ணீரில் ஒரு குழாய் செய்து பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். தொட்டித் தண்ணீர் அதைவிட அதிகமாகக் கலங்கினால் கழுவல் போதவில்லை. சில்வர் நைட்ரேட் கையில் பட்டால் கருத்துவிடும், வெள்ளிப் பட்டறைக்காரர்களுக்குத் தெரியும், கையுறை போடுங்கள்.

ஆசிட் பலத்தை ஹைட்ரோமீட்டரை (திரவத்தின் அடர்த்தி காட்டும் மிதவை) வைத்துப் பார்க்கிறீர்களா? புது ஆசிட்டுக்கு அது சரி. பயன்படுத்திய ஆசிட்டில் ஏமாற்றும். ஆசிட் குறையக் குறைய இரும்பு கரைந்து கனம் ஏறுகிறது, மீட்டர் நன்றாக இருப்பதாகவே காட்டும். டைட்ரேஷன்தான் (காரம் விட்டு முறித்து ஆசிட் அளவு காண்பது) வழி. தொட்டி ஆசிட் 5 மி.லி. பிப்பெட்டில் (வாயால் உறிஞ்சாமல் பல்பு போட்டு) எடுத்து, சுத்தமான தண்ணீர் 50 மி.லி. சேர்த்து, மெத்தில் ஆரஞ்சு நிறங்காட்டி இரண்டு துளி விட்டு, 1 நார்மல் காஸ்டிக் சோடாவை பியூரெட்டில் விட்டுக்கொண்டே வாருங்கள். சிவப்பு மாறி மஞ்சளாகும்போது நிறுத்துங்கள். செலவான மி.லி.யை 7.3-ஆல் பெருக்கினால் லிட்டருக்கு எத்தனை கிராம் ஆசிட் என்று வரும். சரிபாதி கலந்த புதுத் தொட்டியில் சுமார் 25 மி.லி. செலவாகும். பினால்ஃப்தலீன் வேண்டாம், அது நிறம் மாறுவதற்குள் இரும்பு பச்சையாகத் திரிந்து கணக்கைக் கெடுக்கும்.

---

உருட்டாலை ஓய்வு எழுதியது:

டீச்சர் சொன்ன ஹைட்ரோமீட்டர் விஷயத்தைப் பெரிய ஆலைகளிலும் புதியவர்களுக்கு முதலில் சொல்லிக் கொடுப்போம். ஒரு வரி சேர்க்கிறேன். லிட்டருக்கு 100, 120 கிராம் இரும்பு ஏறிவிட்டால் புது ஆசிட் ஊற்றி இழுத்துக்கொண்டே போவதில் பயனில்லை. தொட்டியை மாற்ற வேண்டியதுதான்.

---

ஐந்து ரோடு கோட்டிங் எழுதியது:

டீச்சர் எழுதியதைப் படித்த பிறகு மடிப்பு விஷயத்துக்கு வருகிறேன். கொப்புளம் தட்டின் நடுவில் இல்லை, அடி மடிப்பு ஓரத்தில்தான் என்று அண்ணா எழுதியிருக்கிறார். அங்கே தகடு இரட்டையாக மடங்கி இருக்கும். ஸ்பாட் வெல்டிங் வைத்த இடமும் அப்படித்தான். அந்த இடுக்குக்குள் ஆசிட் தானாகவே ஏறும். வெளியே எவ்வளவு தண்ணீர் அடித்தாலும் உள்ளிருந்து வெளிவராது. அடுப்பில் 180, 200 டிகிரியில் தண்ணீர் ஆவியாகும், உப்பு உள்ளேயே இருக்கும். சில சமயம் அடுப்பிலிருந்து எடுக்கும்போதே மடிப்பிலிருந்து மஞ்சள் கோடு வழிந்திருப்பதைப் பார்க்கலாம்.

என் கடையில் வரும் பீரோ வேலைக்கு நான் செய்வது:

மடித்து வெல்டிங் வைத்த எதையும் ஹைட்ரோகுளோரிக்கில் முக்குவதில்லை. சி.ஆர். ஷீட் துருவில்லாமல் வந்தால் ஆசிட் தொட்டியையே தாண்டிவிடுவேன். டீகிரீசிங், கழுவல், பாஸ்பேட், அவ்வளவுதான். அங்கங்கே செந்துரு இருந்தால் பாஸ்பாரிக் ஆசிட் சேர்ந்த டீரஸ்டிங் கெமிக்கலைத் துணியில் நனைத்துத் தேய்த்துக் கழுவுவேன். விலை கூடுதல், வேகமும் குறைவு. ஆனால் இடுக்கில் கொஞ்சம் தங்கினாலும் குளோரைடு செய்யும் கெடுதலை அது செய்யாது.

எச்.ஆர். பாகங்களை வெட்டிய நிலையில், மடிக்கும் முன்பே ஆசிட்டில் போட்டு எடுக்கலாம். இல்லாவிட்டால் பிக்ளிங் செய்து எண்ணெய் பூசிய எச்.ஆர். தகடே மார்க்கெட்டில் கிடைக்கிறது, எச்.ஆர்.பி.ஓ. என்று கேளுங்கள். கிலோவுக்குக் கொஞ்சம் கூட வரும். ஆசிட், ஆள், கழிவு எல்லாவற்றையும் கணக்குப் போட்டால் உங்கள் அளவுக்கு அதுதான் லாபம் என்பது என் எண்ணம்.

டீகிரீசிங்கையும் ஒருமுறை பாருங்கள். எண்ணெய் இருக்கும் இடத்தில் ஆசிட் பிடிக்காது, அந்தத் திட்டைப் பார்த்துவிட்டு ஆசிட் போதவில்லை என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். டீகிரீசிங் முடிந்து கழுவிய தகட்டைச் செங்குத்தாகப் பிடித்தால் தண்ணீர் ஒரே படலமாக வழிய வேண்டும். முத்து முத்தாகப் பிரிந்தால் எண்ணெய் இன்னும் போகவில்லை.

கழுவலுக்கு இரண்டு தொட்டி வையுங்கள். புதுத் தண்ணீர் இரண்டாவதில் விழுந்து, அது நிரம்பி முதலாவதற்கு வழிந்து, அங்கிருந்து வெளியேற வேண்டும். தகடு எதிர்த்திசையில் போகும். ஒரே தொட்டியில் ஓடவிடுவதைவிடத் தண்ணீர் பல மடங்கு குறைவாகச் செலவாகும். ஆசிட் தொட்டிக்கு மேலேயே தகட்டைச் சாய்த்து வைத்து நன்றாக வடியவிட்டு எடுங்கள், ஆசிட்டும் மிச்சமாகும். ஆனால் வடியவிட்டபடி காயவிடக் கூடாது. காய்ந்தால் மஞ்சள் பிடிக்கும், பிறகு எந்தத் தண்ணீரிலும் போகாது.

---

சங்ககிரி லாரி எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றித் துரு எடுத்து மறுபடி கட்டுகிறோம். ஆசிட்டில் ஊறவைத்தால் வேலை சீக்கிரம் முடியும் என்று ஒருவர் சொன்னார். செய்யலாமா?

---

உருட்டாலை ஓய்வு எழுதியது:

செய்யவே கூடாது. ஆசிட் இரும்பில் படும்போது உண்டாகும் ஹைட்ரஜனில் ஒரு பங்கு குமிழியாகப் போகாமல் அணுவாக உலோகத்துக்குள் நுழைந்துவிடும். பீரோத் தகடுபோன்ற மென்மையான ஸ்டீலுக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை. ஸ்பிரிங் பட்டை, உயர் பலப் போல்ட், கடினமாக்கிய பாகங்கள் எல்லாம் அதனால் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். பார்த்தால் எதுவும் தெரியாது. லோடு ஏற்றி ஓடும்போது திடீரென்று முறியும். ஆசிட்டில் போட்டாக வேண்டிய கட்டாயம் இருக்கும் தொழிற்சாலைகளில், எடுத்த சில மணி நேரத்துக்குள் 190 முதல் 220 டிகிரியில் பல மணி நேரம் சுட்டு ஹைட்ரஜனை வெளியேற்றுவார்கள். அதுவும் முழு உத்தரவாதம் இல்லை. உங்களுக்கு ஷாட் பிளாஸ்டிங்தான் (இரும்புக் குண்டுமணிகளை வேகமாக அடித்துத் துரு எடுப்பது) வழி. கையில் செய்வதென்றால் வயர் பிரஷ்.

அதே ஷாட் பிளாஸ்டிங்கை 22 கேஜ் தகட்டுக்கு யாரும் முயல வேண்டாம், தகடு அப்பளமாக நெளியும்.

---

ஆத்தூர் ஜவ்வரிசி மில் எழுதியது:

எங்கள் ஸ்டெயின்லெஸ் தொட்டியில் புதிதாக வெல்டிங் வைத்த இடம் நீலமும் கருப்புமாக இருக்கிறது. பக்கத்துப் பட்டறையில் ஹைட்ரோகுளோரிக் தடவித் தருகிறேன் என்கிறார்கள்.

---

உருட்டாலை ஓய்வு எழுதியது:

வேண்டாம். ஸ்டெயின்லெஸ்ஸைத் துருவிலிருந்து காப்பது அதன்மேல் இருக்கும் மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம். குளோரைடு அதைத்தான் முதலில் உடைக்கும். ஊசிமுனைக் குழிகள் விழுந்து தொட்டி ஒழுகத் தொடங்கும். ஸ்டெயின்லெஸ்ஸுக்கு நைட்ரிக்கும் ஹைட்ரோபுளோரிக்கும் கலந்த ஆசிட்தான். 1981-ல் உற்பத்தி தொடங்கிய நம் சேலம் உருக்காலை போன்ற ஸ்டெயின்லெஸ் ஆலைகளுக்கும் இந்தக் கலவை அன்றாடப் பொருள். வெல்டிங் வைத்த இடத்தில் தடவுவதற்கு அதே கலவை பிக்ளிங் பேஸ்ட்டாக வருகிறது.

ஆனால் கவனம். ஹைட்ரோபுளோரிக் தோலில் பட்டால் பல சமயம் உடனே எரியாது. உள்ளே ஊடுருவி, உடம்பிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு, மணிக்கணக்கில் கழித்துத்தான் வலி தொடங்கும். கொஞ்சம் அதிகமாகப் பட்டால் உயிருக்கே ஆபத்து. கால்சியம் குளுகோனேட் ஜெல் கையில் இல்லாமல் பேஸ்ட் டப்பாவைத் திறக்கவே கூடாது. பட்டால் தண்ணீரில் கழுவி, ஜெல் தேய்த்து, வலி இருக்கிறதா இல்லையா என்று பாராமல் மருத்துவரிடம் போங்கள். மருத்துவரிடம் ஹைட்ரோபுளோரிக் என்ற பெயரைச் சொல்லுங்கள். பழுப்பு நிறப் புகை வந்தால் விலகி நில்லுங்கள், அதன் கேடு நுரையீரலில் மறுநாள்கூடத் தெரியவரலாம். உணவுப் பொருள் தொட்டி என்பதால் கடைசியில் கழுவல் மிகவும் முக்கியம். தெரிந்த ஆளை வைத்துச் செய்யுங்கள்.

---

மணிமுத்தாற்றுக் கரை எழுதியது:

நான் தொழில்காரன் இல்லை. திருமணிமுத்தாற்றை ஒட்டி நிலம் வைத்திருப்பவன். இவ்வளவு நேரம் படித்தேன். தகடு, பெயின்ட், மெஷின் எல்லாவற்றையும் பற்றிப் பேசினீர்கள். தொட்டியை மாற்றும்போது பழைய ஆசிட் எங்கே போகிறது என்று ஒருவரும் சொல்லவில்லை.

சேர்வராயன் மலையில் பிறந்து வரும் ஆறு இது. என் தாத்தா இதில் குளித்ததாகச் சொல்வார். இன்று கை நனைக்க முடியாது. சாயம், சாக்கடை எல்லாம் சேர்ந்துதான் இப்படி ஆனது, பட்டறைகள் மட்டும் என்று சொல்லமாட்டேன். ஆனாலும் இரவு நேரத்தில் சாக்கடையில் மஞ்சளும் பச்சையுமாக ஓடும் தண்ணீர் எங்கிருந்தோ வருகிறது. தயவுசெய்து இதற்கும் பதில் எழுதுங்கள்.

---

கெமிஸ்ட்ரி டீச்சர் எழுதியது:

ஐயா கேட்டது நியாயமான கேள்வி.

பழைய பிக்ளிங் ஆசிட் சட்டப்படி அபாயக் கழிவு. 2016 அபாயக் கழிவு விதிகள் சின்னப் பட்டறைக்கும் பொருந்தும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி வேண்டும். கழிவைப் பொதுவாக 90 நாளுக்கு மேல் சேர்த்து வைக்கக் கூடாது. அனுமதி பெற்றவர்களிடம்தான் ஒப்படைக்க வேண்டும், அதற்கான சீட்டும் கையில் இருக்க வேண்டும். ஃபெரஸ் குளோரைடு நிறைந்த பழைய ஆசிட்டை வாங்கி ஃபெரிக் குளோரைடு செய்பவர்கள் இருக்கிறார்கள், அது கழிவுநீர் சுத்திகரிப்புக்குப் பயன்படும் பொருள். பெரிய ஆலைகளில் அதையே உலையில் தெளித்து வறுத்து ஆசிட்டை மீட்டெடுக்கிறார்கள். மிச்சமாகும் சிவப்பு இரும்பு ஆக்சைடு பொடி ஃபெரைட் காந்தம் செய்யப் போகிறது. ஆகவே இது வீசி எறியத்தக்க பொருளே இல்லை.

கழுவிய தண்ணீரைப் பட்டறையிலேயே சுண்ணாம்பு நீர் விட்டு முறிக்கலாம். பலர் பி.எச். 7 வந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். ஃபெரஸ் இரும்பு அதில் முழுக்க இறங்காது. 9 வரை ஏற்றி, காற்று ஊதினால் பச்சைச் சேறு பழுப்பாக மாறி அடியில் படியும். சேற்றையும் அனுமதி பெற்ற இடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். மேலே தெளிந்து நிற்கும் தண்ணீர் கண்ணாடிபோல் இருக்கும். அதை நல்ல தண்ணீர் என்று நம்பிவிடக் கூடாது. ஆசிட்டில் இருந்த குளோரைடு அத்தனையும் கால்சியம் குளோரைடாக அதில்தான் கரைந்திருக்கிறது. வயலுக்கோ கிணற்றுப் பக்கமோ விட்டால் நிலம் உப்பாகும். சுண்ணாம்பு போட்டுவிட்டோமே என்று ஓடையில் திறந்துவிடுபவர்கள் இதைத் தயவுசெய்து யோசிக்க வேண்டும்.

---

மெய்யனூர் வெல்டிங் எழுதியது:

சுண்ணாம்புக்குப் பதில் நம் ஊர் மேக்னசைட் பொடி போடலாமா டீச்சர்? சூளைப் பொடி மலிவாகக் கிடைக்கிறது.

---

கெமிஸ்ட்ரி டீச்சர் எழுதியது:

எந்தச் சூட்டில் சுட்டது என்பதைப் பொறுத்தது. உலைச் செங்கலுக்காக 1,500 டிகிரிக்கு மேல் சுட்ட பொடி ஆசிட்டில் மிக மிக மெதுவாகத்தான் கரையும், இந்த வேலைக்கு ஆகாது. குறைந்த சூட்டில் இலேசாகச் சுட்ட மக்னீசியா (மேக்னசைட்டைச் சுட்டால் கிடைக்கும் பொடி) நன்றாக முறிக்கும். சுண்ணாம்புபோல் பி.எச். 12-க்கு எகிறாது, சேறும் கெட்டியாக, அளவில் குறைவாகப் படியும். நேரம் மட்டும் கூடுதலாக வேண்டும். வாங்கும்போது எந்த வகை என்று கேட்டு, ஒரு கைப்பிடி போட்டுச் சோதித்துவிட்டு வாங்குங்கள். உப்புத் தண்ணீர்ப் பிரச்சினை இதிலும் அப்படியேதான் இருக்கும்.

---

சூரமங்கலம் பட்டறை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சில்வர் நைட்ரேட் வாங்கிப் பார்த்துவிட்டேன். புதுப் போர் தண்ணீர் இலேசாகக் கலங்கியது. தொட்டித் தண்ணீர் தயிராகத் திரிந்தது. மடித்து வெல்டிங் வைத்த ஒரு அடித்தட்டை நன்றாகக் கழுவி வெளியெல்லாம் துடைத்த பிறகு, அதன் மடிப்பை மட்டும் கொஞ்சம் சுத்தமான வெந்நீரில் நனைத்து எடுத்து அந்த நீரைச் சோதித்தேன். அதுவும் வெள்ளையாகத் திரிந்தது. எங்கே தவறுகிறது என்று கண்ணாலேயே பார்த்துவிட்டேன்.

சி.ஆருக்கு ஆசிட் தொட்டி இனி இல்லை. கால், பட்டிகளுக்கு எச்.ஆர்.பி.ஓ. விலை கேட்டிருக்கிறேன். மணிமுத்தாற்றுக் கரை ஐயாவுக்கு: பழைய ஆசிட் கேன்களில்தான் இருக்கிறது, வெளியே விடவில்லை. எடுத்துக்கொள்ளும் அனுமதி உள்ளவர் யார் என்று வாரிய அலுவலகத்தில் கேட்கப் போகிறேன்.

கடைசியாக ஒன்று. ஏற்காட்டில் ஏற்கெனவே கொடுத்த பீரோக்களை என்ன செய்வது? கொப்புளத்தைத் தேய்த்து டச்சப் அடித்துக் கொடுத்தால் போதுமா?

---

ஐந்து ரோடு கோட்டிங் எழுதியது:

போதாது அண்ணா. உப்பு மடிப்புக்குள் இருக்கிறது, மேலே தேய்ப்பதால் அது போகாது. அடுத்த ஐப்பசி மழையில் அதே கோட்டில் மறுபடி எழும்பும். பீரோவைக் கீழே இறக்கிக் கொண்டுவந்துவிடுங்கள். அடித்தட்டைக் கழற்ற முடிந்தால் புதுத் தட்டு போடுவதுதான் சுலபம். கழற்ற முடியாத இடத்தில் மடிப்பைத் திறந்து, பழைய பெயின்ட்டைச் சுரண்டி, வெந்நீர் விட்டு விட்டுக் கழுவி, சில்வர் நைட்ரேட்டில் கலங்கல் போர் தண்ணீர் அளவுக்கு வரும்வரை விடாதீர்கள். கடைசிக் கழுவலுக்கு மட்டும் ஆர்.ஓ. தண்ணீர். உடனே அடுப்பில் காயவைத்து, எப்பாக்சி பிரைமர் அடித்து, மடித்த பிறகு இடுக்கைச் சீலன்ட் போட்டு அடைத்துவிடுங்கள். அடுப்புச் சூடு தாங்கும் சீலன்ட்டாகக் கேட்டு வாங்குங்கள்.

அஸ்தம்பட்டி வீட்டு பீரோவையும் ஒருமுறை போய்ப் பாருங்கள். அடியில் குனிந்து டார்ச் அடித்து மடிப்பு ஓரத்தை விரலால் தடவினால், எழும்பத் தொடங்கியிருந்தால் கையில் தெரியும்.